முதல் குடம்

நகரும் படிக்கட்டு தேசராணியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. தாம் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அவர் மனத்துக்குள் அளந்து பார்த்துக்கொண்டார். மேலே, இடிக்காமல் விட்டுவைத்து நீலவண்ணம் பூசியிருந்த பழைய தண்ணீர்த் தொட்டியை வைத்துப் பார்த்தால், படிக்கட்டின் வாய் சரியாக ரோஸ்மேரியின் வீடு இருந்த இடத்தில் இருந்தது. அப்படியானால் அதற்கு அடுத்ததாகிய தம் வீட்டுக்கு நேர் கீழே, மண்ணுக்குள், தாம் போய்க்கொண்டிருக்கிறோம். சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் அடியில் நுழைய வேண்டியிருக்கிறதே என்று எண்ணியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

நண்பகல் நேரம். ஆறுகுழாய் நிலத்தடி ரயில் நிலையம் மிகப் பெரியதாகவும் மிகக் குளிர்ச்சியாகவும் ஏறத்தாழ காலியாகவும் இருந்தது. புதுச் சுண்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. எதிர்ச்சுவர் முழுவதும் இடுப்பில் குடம் சுமந்த பெண்களின் ஓவியம் வரையப்பட்டிருந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஒல்லியாகவும் ஒரே மாதிரி மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். ஓவியத்தின் நடுவே ஆறு பித்தளைக் குழாய்களைப் பதித்திருந்தார்கள். ஆறிலிருந்தும் தண்ணீர் ஓயாமல் ஒழுகி, கண்ணாடித் தொட்டியில் விழுந்து, மறுபடியும் மேலேறிக்கொண்டிருந்தது. கீழே ஓர் அறிவிப்பு: 'இது அழகுக்கான நீர். குடிப்பதற்கு உகந்ததன்று.'

தேசராணி அதன் முன் சிறிது நேரம் நின்றார். அவர் மணமாகி ஆறுகுழாய்ச் சந்துக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குழாய்களில் ஒன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து அவர் பார்த்ததில்லை. தண்ணீர் லாரியில்தான் வந்தது. குழாய்கள் பேருக்கு நின்றன. அவற்றில் ஆடுகளைக் கட்டினார்கள். இப்போது ஆறும் ஒழுகுகின்றன. பார்ப்பதற்குச் சந்தில்தான் ஆளில்லை. சந்தே இல்லை.

வடசென்னையின் அந்தப் பகுதியைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தபோது சந்துக்காரர்களை ஊருக்கு வெளியே, ஆளுக்கொரு திசையில், அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவைத்தார்கள். தேசராணிக்கு மிகவும் தெற்கே ஒன்பதாவது மாடியில் வீடு கிடைத்தது. அங்கே குழாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது. திருகினால் தண்ணீர் வந்தது. ஆனால் தண்ணீரைத் தவிர அந்த வீட்டுக்குள் வேறு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பது கூட அவருக்குத் தெரியாது. சில நாட்களில், தம் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அவர் அடுப்போடு பேசினார்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. நிலையமும் அதன் மேலே புதுக்குடியிருப்பும் கட்டி முடிந்துவிட்டன. ஆறுகுழாய்ச் சந்தில் வாழ்ந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் அங்கே ஒரு வீடு உண்டு. எந்தக் காகிதமும் கொண்டுவர வேண்டாம். நிலையத்தில் இருக்கும் தனிவாயில் வழியாக நடந்தால் போதும். வாயில் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். இந்த மாத இறுதிக்குள் வராதவர்களின் வீடுகள் பொதுவிற்பனைக்குப் போய்விடும்.

அதனால்தான் தேசராணி இன்று, இருப்பதிலேயே நல்ல புடவையை உடுத்தி, புதுச் செருப்பு அணிந்து, மூன்று பேருந்து மாறி வந்திருந்தார்.

தனிவாயில் ஓரமாக இருந்தது. அதன் நெற்றியில் 'மண்ணின் மக்கள் வழி' என்று எழுதியிருந்தது. தேசராணி தலைமுடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, கோயிலுக்குள் நடப்பதுபோல் நடந்தார். வாயிலின் கண்ணாடிச் சிறகுகள் அசையவில்லை.

"மன்னிக்கவும். தங்களை அடையாளம் காண இயலவில்லை" என்றது ஒரு பெண்குரல்.

செருப்பினால் இருக்கலாம் என்று அவர் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார். மன்னிக்கவும் என்றது குரல். வேகமாக நடந்தார். மெதுவாக நடந்தார். குரல் ஒவ்வொரு முறையும் அதே பணிவுடன் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பணிவைத்தான் தேசராணியால் பொறுக்க முடியவில்லை. சந்தில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு மரியாதையாக ஒருவரும் வெளியே நிறுத்தியதில்லை.

"யம்மா, எத்தன மட்டம் நடந்தாலும் அது அதத்தான் சொல்லும்" என்றார் காவலாளி. சட்டைப்பையில் இசக்கிமுத்து என்று பெயர் குத்தியிருந்தது. "எல்லாரும் இப்படித்தான் நடந்து பாத்துட்டு அழுதுட்டுப் போறாங்க. நீங்க அழுவாதிய. அந்தக் கண்ணாடி ரூம்ல மேடம் இருக்காங்க, போய்ப் பாருங்க."

"நான் இன்னாத்துக்கு அழணும்? தப்பு பண்ணது உன் கதவு. அத அழச் சொல்லு" என்றார் தேசராணி.

கண்ணாடி அறையில் இருந்த அதிகாரியின் பெயர் ஹேமாவதி. நாற்பது வயது இருக்கும். அவர் எழுந்து நின்று, தேசராணி அமர்ந்த பிறகே தாமும் அமர்ந்தார்.

"இன்னாம்மா இது? கல்யாணம் கட்டி இந்தச் சந்துக்குத்தான் வந்தேன். என் வூட்டுக்காரரு செத்தது இங்க. புல்டோசர் வந்தன்னிக்கி அதும் முன்னால குந்திகினு இருந்தவ நானு. என்னத் தெரியலன்றது உன் மெஷினு."

"உங்கள நான் நம்பறேம்மா. ஆனா நான் நம்பறதுல ஒண்ணும் ஆகாது. அதுக்குத் தெரியணும்."

"அதுக்கு எப்பிடித் தெரியும்? நான் அத இன்னிக்கிதான் பாக்கறேன்."

"அது உங்கள முன்னாடியே பாத்திருக்கு." ஹேமாவதி கணினித் திரையைச் சற்று அவர் பக்கம் திருப்பினார். "இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம், சந்து விளக்குக் கம்பத்துல எல்லாம் சின்னதா கேமரா வச்சிருந்தாங்க. ஞாபகம் இருக்கா?"

"திருட்டுப் பயத்துக்குன்னாங்க."

"இல்லம்மா. அது நடைய எடுத்துக்கிட்டிருந்துச்சு. முன்னாடி வேற ஊர்ல இதே மாதிரி வீடு குடுத்தப்போ, பொய்ப் பேப்பர் காட்டி வேற யார் யாரோ வாங்கிட்டாங்க. உண்மையா இருந்தவங்க நடுத்தெருவுல நின்னாங்க. பேப்பர மாத்தலாம். கைரேகை கூட பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சுடுது. நடைய மட்டும் யாரும் திருட முடியாது, பாருங்க. அதனால நல்ல எண்ணத்துலதான் இதச் செஞ்சாங்க."

"நல்ல எண்ணம்தான். சந்துலருந்து எத்தினி பேரத் தெரிஞ்சுகிச்சு?"

ஹேமாவதி சற்றுத் தயங்கினார். "ஒருத்தங்கள."

"ஒருத்தரா? மொத்தச் சந்துக்குமா?"

"மத்தவங்க எல்லாம் வந்தாங்க, நடந்தாங்க, திரும்பிப் போயிட்டாங்க. சில பேர், 'அப்போ நாங்க இங்க இருந்ததே பொய்யா மேடம்'னு என்கிட்டயே கேட்டாங்க."

தேசராணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஒரு ரயில் வந்து, நின்று, யாரையும் இறக்காமல், யாரையும் ஏற்றாமல், கதவுகளை மூடிக்கொண்டு போயிற்று.

ஹேமாவதி தம் மேசைக்குப் பின்னால் குனிந்து எதையோ எடுத்தார். ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம்.

"கேலி பண்றேன்னு நெனச்சுக்காதீங்கம்மா. அந்த ஒருத்தங்க இதுல தண்ணியோடதான் நடந்து வந்தாங்க. கதவு திறந்த கையோட இத இங்க வச்சுட்டுப் போனாங்க. 'சந்துக்காரங்க யாராச்சும் வந்து கதவு திறக்கலன்னா, இதுல தண்ணி ரொப்பிக் குடுங்க, இடுப்புல வச்சு நடக்கட்டும்'னு சொன்னாங்க. அதுக்கப்புறம் வந்தது நீங்கதான்."

"குடமா?"

"சந்து குறுகல் இல்லையா? பகல்ல கூட்டம், சைக்கிள், கொடித்துணி, ஒண்ணும் சரியாத் தெரியாதாம். விடியற்காலைல லாரி வர்ற நேரத்துலதான் ஒவ்வொருத்தரும் தனித்தனியா நடந்திருக்கீங்க. அப்போ எல்லார் இடுப்புலயும் குடம். இயந்திரத்துக்குத் தெரிஞ்ச நடை அதுதான் போல. குடம் இல்லாம நடந்தா நடை மாறும்னு எங்கள்ல ஒருத்தரும் யோசிக்கல."

தேசராணி குடத்தைக் கையில் வாங்கினார். குடிநீர் இயந்திரத்தின் கீழ் அதை வைத்து, கழுத்துவரை நிரப்பி, ஒரே வீச்சில் இடது இடுப்புக்கு ஏற்றினார். சந்தை விட்டுப் போன பிறகு அவர் குடம் தூக்கியதே இல்லை. ஆயினும் இடுப்பு தானாக ஒருபக்கம் ஒசிந்து இடம் கொடுத்தது. கால் தானாக அகன்றது.

இசக்கிமுத்து ஓடிவந்தார். "மேடம், தண்ணி உள்ள கொண்டுபோவக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

"இவங்களுக்கு மட்டும் வழி விடுங்க, இசக்கிமுத்து."

"தரை கண்ணாடி மாரி கெடக்கு மேடம். சிந்துச்சுன்னா வழுக்கும். தொடைக்கப் போறது நாந்தான?"

"தம்பி, ரெண்டு ஆளு எதிரெதுர போக முடியாத சந்துல, குறுக்க படுத்திருக்கற நாயத் தாண்டி, கோழிய மிதிக்காம தண்ணி கொண்டாந்தவ நானு. ஒரு சொட்டு சிந்துச்சின்னா இந்தப் புடவையாலயே தொடச்சுட்டுப் போறேன். தள்ளு."

அவர் நடந்தார். ஒரு பக்கம் சாய்ந்து, வலது கையைச் சற்றே அகலமாக வீசி, பாதத்தை முழுவதுமாக ஊன்றி எடுக்கும் அந்தப் பழைய நடை. கண்ணாடிச் சிறகுகள் அவர் நெருங்கும் முன்பே விலகின. வாயிலின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

"வருக, ரோஸ்மேரி அவர்களே. ஆறுகுழாய் தங்களை வரவேற்கிறது."

தேசராணி திரும்பிப் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை. ஒரு கணம், வெறும் ஒரு கணம்தான், ரோஸ்மேரி தம் இரண்டு கால்களால் எழுந்து நடந்து தமக்குப் பின்னே வந்திருப்பதாக அவர் உண்மையிலேயே நம்பிவிட்டார்.

ரோஸ்மேரி அடுத்த வீட்டுக்காரர். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். மாடிப்படியில் விழுந்த பிறகு படுக்கையை விட்டு எழவில்லை. ஆறுகுழாய்ச் சந்தில் யார் வகுத்தது என்று தெரியாத ஒரு வழக்கம் இருந்தது. லாரி வந்ததும் பிடிக்கும் முதல் குடத்தை யாரும் தம் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வர முடியாதவர் வாசலுக்குத்தான் அது போகும். படுத்திருப்பவர், பிள்ளை பெற்றவர், இரவு வேலையிலிருந்து திரும்பாதவர். அவரவர் மனத்துக்குத் தோன்றிய வாசலில் அவரவர் வைத்துவிட்டு வருவார்கள். வைத்தது யார் என்று கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. தேசராணியின் முதல் குடம் ரோஸ்மேரிக்கு. குடத்தை உள்ளே வைத்து, அவருக்கு முகம் கழுவிவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்தால், தேசராணியின் வாசலில் ஒரு குடம் நிறைந்து நிற்கும். எதிர்வீட்டு விஜயாவாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

"எனக்குக் காலு இல்லன்னு எவ சொன்னா?" என்று ரோஸ்மேரி சிரிப்பார். "என் காலு பக்கத்து வூட்ல குடியிருக்கு. விடிஞ்சா தண்ணியோட வரும்."

ஊருக்கு வெளியே கொண்டுபோன முதல் மழைக்காலத்திலேயே ரோஸ்மேரி இறந்துபோனார். தேசராணிக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது.

"அம்மா, உங்க பேரு ரோஸ்மேரி இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஹேமாவதி வெளியே வந்தார்.

"நான் தேசராணி. ரோஸ்மேரி செத்துட்டா. அவளுக்குத் தண்ணி கொண்டுபோவேன், அவ்ளோதான்."

ஹேமாவதி நின்றுவிட்டார். முகத்திலிருந்து அதிகாரி கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவது தெரிந்தது. "விடியற்காலைல முதல் குடத்தோட யார் எந்த வாசலுக்குப் போறாங்களோ, அவங்கதான் அந்த வீட்டாளுன்னு இயந்திரத்துக்குச் சொல்லிக் குடுத்தோம். தண்ணி கெடைக்காத எடத்துல, முதல் குடத்த எடுத்துக்கிட்டு யாரா இருந்தாலும் தன் வீட்டுக்குத்தானே ஓடுவாங்க? அப்படித்தானேம்மா எல்லாரும்?"

"நீங்க அப்பிடியா?" என்றார் தேசராணி. இகழ்ச்சியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

ஹேமாவதி அவரை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். குடம் மேசைக்கருகே நின்றது.

"நான் சொல்றதக் கோவப்படாமக் கேளுங்க. ரோஸ்மேரி இறந்தது இந்தப் பதிவுல ஏறல. அவங்களுக்கு வாரிசும் யாரும் வரல. திரையில 'ஆம்'னு ஒரு தடவ தொட்டீங்கன்னா, அந்த வீடு உங்களுது. நான் உங்க பேரக் கேட்டதாகவே வச்சுக்க மாட்டேன்."

"ரோஸ்மேரியாவா?"

"பேர்தானேம்மா."

"செத்தவ பேர்ல குடியிருந்தா, அப்போ செத்தது யாரு?" தேசராணி திரையைப் பார்த்தார். பச்சைக் கட்டத்துக்குள் 'ஆம்' என்ற சொல் மெல்ல விட்டுவிட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது மாடியும் அடுப்போடு பேசிய நாட்களும் நினைவுக்கு வந்தன. விரல் ஒருமுறை உயர்ந்து, மறுபடி மடியில் இறங்கிற்று. "என் பேர்ல பாரும்மா. தேசராணின்னு ஒரு வூடு இருக்குமே?"

"இருக்கு." ஹேமாவதி மிகவும் சங்கடத்துடன் சொன்னார். "ஆனா அவங்க வந்துட்டாங்க."

"யாரு வந்துட்டாங்க?"

"தேசராணி. நான் சொன்னேனே, கதவு திறந்த ஒரே ஒருத்தங்க. மேல குடியிருக்காங்க. இந்தக் குடத்த வச்சுட்டுப் போனது அவங்கதான்."

தேசராணி விருட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எவ அவ? என் பேர எத்துகினு என் வூட்ல குந்திகினு இருக்கறவ எவ? இன்னாம்மா, நடைய திருட முடியாதுன்னியே!"

"பொறுங்கம்மா. அவங்களும் உங்கள மாதிரியே வேற வாசலுக்குத் தண்ணி கொண்டுபோனவங்களா இருக்கணும்... எனக்கே இப்பத்தான் புரியுது." ஹேமாவதி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அவங்க 'ஆம்'னு தொடும்போது அழுதாங்க. சந்தோஷத்துலன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வாராவாரம் கீழ வந்து ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. 'ரோஸ்மேரின்ற பேர்ல யாராச்சும் வந்தாங்களா'ன்னு."

"ரோஸ்மேரி செத்தது சந்துக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியுமில்ல? தெரிஞ்சும் கேட்டாங்க."

தேசராணியின் கோபம் எங்கே கால் ஊன்றுவது என்று தெரியாமல் தடுமாறியது. "அவ மூஞ்சியக் காட்டு."

"முகம் வச்சுக்க எங்களுக்கு அனுமதி இல்ல. நடை மட்டும்தான் இருக்கு. பாருங்க."

திரை கறுத்தது. அதில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. தலைக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, முழங்கைக்கு, இடுப்புக்கு, முட்டிக்கு. புள்ளிகளைக் கோடுகள் இணைத்தன. உடம்பில்லாத, வயதில்லாத, புடவையில்லாத ஓர் உருவம் இருட்டில் நடக்கத் தொடங்கியது. எல்லோரும் இடப்பக்கம் சுமக்கும் குடத்தை அது வலப்பக்கம் சுமந்தது. சுமக்காத இடது கை, பின்னால் வரும் யாரையோ 'வா, வா' என்று கூப்பிடுவதுபோல் வீசியது.

தேசராணி நாற்காலியை நிமிர்த்தி மெல்ல அமர்ந்தார்.

சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து இடத்தோள் இறங்கிப்போன ஒருத்தியை அவருக்குத் தெரியும். தேசராணியின் கணவர் கோதண்டத்தின் தங்கை, கன்னியம்மாள். சந்தின் கடைசி வீடு. கோதண்டம் நெஞ்சுவலியில் இறந்த அன்று, பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா ஓடியாந்திருப்பேனே, எங்கண்ணன நீதான சாவ வுட்ட" என்று ஊர் கேட்க அலறியவள். "இனிமே என் வாசல்ல கால வைக்காத" என்று தேசராணி சொன்னார். அதற்குப் பின் இருவரும் பேசியதில்லை. லாரி வரிசையில் முன்னும் பின்னும் நின்றால் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இடம் மாற்றியபோது கன்னியம்மாளை வடக்கே எங்கோ கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

திரையில் அந்த உருவம் குடத்தை இறக்கி வைத்தது. வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, வேகமாகத் திரும்பி நடந்தது. மறுபடியும் முதலிலிருந்து வந்தது. குடத்தை வைத்தது. திரும்பிப் பார்த்தது. ஓடியது.

"இது எத்தினி நாளு எடுத்தது?"

"கேமரா இருந்த வரைக்கும். தினமும்மா. ஒரு நாள் கூட விடல. அதனாலதான் அவங்களோட பதிவு அவ்வளவு தெளிவா இருக்கு."

நான் ரோஸ்மேரிக்கு முகம் கழுவிக்கொண்டிருந்த நேரம் என்று தேசராணி நினைத்தார். நான் வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். நான் வைக்காதே என்று சொன்ன கால்களை ஒவ்வொரு விடியலிலும் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அத்தனை நாளும் அந்தத் தண்ணீரில்தான் நான் சோறு பொங்கினேன்.

ஹேமாவதி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதைத் தேசராணி தொடவில்லை.

"புகார் எழுதித் தரீங்களாம்மா? ஆள் மாறாட்டம்னு போட்டா அந்த வீட்ட நிறுத்தி வைப்பாங்க. ஆனா உங்களுக்கும் கெடைக்காது. விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள மாசம் முடிஞ்சுடும்."

"மேல எப்பிடிப் போறது?"

"இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் இருக்கு. ஆறாவது மாடி, கடைசி வாசல்." சற்று நிறுத்தி, "பெல் இருக்காது. தாழ்வாரத்துல நடந்து போனாலே வீட்டுக்குள்ள யார் வர்றாங்கன்னு பேர் சொல்லிடும். ஆனா..." என்று குடத்தைப் பார்த்தார்.

"குடத்த எறக்கிட்டா என்ன யாருன்னு தெரியாது. அதான?"

"ஆமா."

"அந்த 'ஆம்'ம அப்பிடியே வச்சிரும்மா. தொடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். வந்து சொல்றேன்."

இம்முறை இசக்கிமுத்து குடத்தை ஒரு கை பிடித்து இடுப்பில் ஏற்றிவிட்டு, வழியிலிருந்த மணல்வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வாயில் திறந்தது. ரோஸ்மேரி அவர்களே வருக என்றது. தேசராணி இப்போது திரும்பிப் பார்க்கவில்லை. "வரேண்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

ஆறாவது மாடியின் தாழ்வாரம் நிலையத்தைப் போலவே நீளமாகவும் வெறுமையாகவும் இருந்தது. இருபுறமும் மூடிய கதவுகள். ஒவ்வொன்றின் மீதும் சந்தில் இருந்த ஒரு பெயர் ஒளிர்ந்தது. விஜயா. சம்மனசு. முனீர் பாய். பெயர்கள் மட்டும் குடிவந்திருந்தன. கதவுகளுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழும் ஓசை இல்லை, ஓர் இருமல் இல்லை. யாருடைய முதல் குடம் எந்த வாசலுக்குப் போயிற்று என்று தெரிந்தவர்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தார்கள். அது தெரியாத இயந்திரம் அவர்கள் அனைவருக்காகவும் மிகுந்த மரியாதையுடன் காத்திருந்தது.

கடைசிக் கதவில் 'தேசராணி' என்று எழுதியிருந்தது.

தம் பெயருக்கு முன்னால் இப்படி வந்து நிற்கும் நாள் ஒன்று வரும் என்று அவர் எண்ணியதே இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? தட்டினால் 'யாரு' என்று கேட்பாள். நான் தேசராணி என்று சொல்வதா? அந்தப் பெயர் உள்ளே இருக்கிறது. ஒரு கை குடத்தின் கழுத்தை அணைத்திருக்க, மறு கை தட்டுவதற்கு உயர்ந்து, அப்படியே நின்றது. குடத்துக்குள் தண்ணீர் ஒருமுறை தளும்பி அடங்கிற்று.

உள்ளே அந்தப் பெண்குரல் பணிவாக அறிவிப்பது கதவு வழியாகக் கேட்டது.

"ரோஸ்மேரி அவர்கள் வாசலில் வந்திருக்கிறார்."

பிறகு கட்டில் ஒன்று கிறீச்சிட்டது. ஒரு பக்கம் சாய்ந்த காலடிகள் கதவை நோக்கி அவசரமாக வந்தன. கூடவே, ஊர் கேட்க ஒருநாள் அலறிய அதே குரல், இப்போது கரகரத்து, இயந்திரத்தை அதட்டியது.

"வாய மூடு. உனக்கு இன்னா தெரியும்? அது ரோஸ்மேரி இல்ல. எங்க அண்ணி."

தாழ்ப்பாளைத் தேடும் கை கதவின் மறுபுறம் தடுமாறியது. தேசராணி காத்திருந்தார். சந்தில் அந்தக் குடம் எப்போதும் வாசலோடு நின்றுவிட்டது. இன்று அதை உள்ளே கொண்டுபோய்த்தான் இறக்க வேண்டும் என்று, இடுப்பு நோக நோக, அவர் குடத்தைக் கீழே வைக்காமல் நின்றார்.